அடுத்த பெயர்

யாருக்காவது ஏதாவது ஆகவேண்டும். கை, கால், வயிறு, எதுவானாலும் சரி. பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஒரு கணுக்கால் லேசாகப் பிசகினால் போதும், ராத்திரி சாப்பிட்ட மீன் ஒத்துக்கொள்ளாமல் ஒருத்தி ஹோட்டல் குளியலறையை விட்டு வரமுடியாமல் கிடந்தால் போதும், தாரிணிக்கு ஆட இடம் கிடைத்துவிடும். சென்னை ஸ்டேடியத்தில் வீராங்கனைகளுக்கென்று ஒதுக்கிய கூடத்தில், ஏசி நேராகப் பிடரியில் அடிக்கும் சோபாவில், ஷூவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ராக்கெட் பையை முழங்காலோடு சாய்த்து வைத்துக்கொண்டு காலையிலிருந்து அவள் பார்க்கிற வேலை இதுதான்: இன்னொருத்தியின் உடம்பு கெடுவதற்காகக் காத்திருப்பது. இதற்கு டென்னிஸில் ஒரு பெயர் வேறு வைத்திருக்கிறார்கள், லக்கி லூசர். தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவர்களை ஊருக்கு அனுப்பாமல் வரிசை போட்டு உட்காரவைப்பார்கள். பிரதானச் சுற்றில் எவளாவது கடைசி நேரத்தில் விலகினால் வரிசையில் முதல் பெயரைக் கூப்பிட்டு அந்த இடத்தில் இறக்கிவிடுவார்கள். முதல் பெயர் தாரிணி வேல், அமெரிக்கா. கூப்பிட்ட ஐந்து நிமிஷத்துக்குள் சூப்பர்வைசர் மேசை முன்னால் போய் நிற்கவேண்டும், நிற்காவிட்டால் அடுத்த பெயர். இதில் அதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது என்று யாராவது காட்டட்டும். முப்பத்தோரு வயது, இடது முட்டியில் இரண்டு தடவை கத்தி, படி இறங்கும்போது உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம், நேற்று தன் வயதில் பாதிகூடத் தாண்டாத ஒருத்தியிடம் தோல்வி. அதிர்ஷ்டம் என்று பெயர் வைத்தவன் ஒரு நாளாவது இந்த சோபாவில் உட்கார்ந்திருப்பானா. இருக்கமாட்டான். பெயர் வைக்கிறவன் எவனும் உட்காருவதில்லை.

எதிர் சோபாவில் அந்த அடுத்த பெயர் உட்கார்ந்திருந்தது. ஜெபஷீலா, தூத்துக்குடிக்காரி, பதினேழு வயது, அவளும் நேற்றுத்தான் தோற்றாள். தாரிணி காலை நீட்டினால் அவள் முதுகு நிமிர்கிறது. தாரிணி ஃபோனை எடுத்துக்கொண்டு எழுந்தால் அவள் கை தானாகப் போய்த் தன் பையின் வாரைப் பிடிக்கிறது. பாவம், மறைக்கத் தெரியவில்லை. இன்னும் நான்கைந்து வருஷம் ஆடினால் மறைக்கக் கற்றுக்கொள்வாள், அடுத்தவளுக்குக் காயம்பட்டால் முகத்தில் எந்த அளவுக்கு வருத்தம் வைக்கவேண்டும் என்று. தாரிணி சும்மா தண்ணீர் பாட்டிலை எடுக்கத்தான் எழுந்தாள், உடனே, “டாய்லெட் அந்தப் பக்கம்க்கா,” என்றாள் ஜெபஷீலா. “ரொம்ப நல்லா வச்சிருக்காங்க. சுத்தமா இருக்கு.” தாரிணி திரும்பிப் பார்த்தாள். “நீ என்னை டாய்லெட்டுக்கு அனுப்பிட்டு அந்த நேரத்துல பேர் கூப்பிடணும்னு நினைக்கிறியா?” “ஐயோ, அப்படியில்லக்கா.” அந்தப் பெண் தரையைப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து, “கொஞ்சம் அப்படித்தான்க்கா,” என்றாள். தாரிணிக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவளிடம் உண்மை பேசிய முதல் ஆள். மற்றவர்கள், அவள் வந்திறங்கிய அன்று கழுத்தில் மாலை போட்டார்கள். நம்ம பொண்ணு, தமிழ்ப்பெண், மண்ணின் மகள் என்று பேனரில் அவளைவிடப் பெரிய எழுத்தில் போட்டார்கள். நேரடியாகப் பிரதானச் சுற்றில் சேர்க்க இடம் ஒன்று இருந்ததே, அது மண்ணின் மகளுக்கு உண்டா என்றால், இல்லைங்க மேடம், பாஸ்போர்ட் வேறயா இருக்கே. நேற்று தோற்ற பிறகு இன்று காலைப் பத்திரிகையில் ஒரே வரி: அமெரிக்க வீராங்கனை தோல்வி. ஒரு வாரத்துக்குள் மண்ணும் போயிற்று மகளும் போயிற்று. அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்ந்தது. அங்கே ஜெயித்தால் அமெரிக்கப் பெண், தோற்றால் இந்திய வம்சாவளி. தோற்கிறவளை எந்த நாடும் தன் கணக்கில் எழுதிக்கொள்வதில்லை, அடுத்த நாட்டின் கதவில் போய் வைத்துவிட்டு வந்துவிடுகிறது.

“எந்திரிச்சு ஒரு நடை நடந்துட்டு வா கண்ணு, முட்டி புடிச்சுக்கப் போவுது.” அப்பா. சுக்குக் காபி ஃப்ளாஸ்க்கோடு வந்து நின்றார், தலையில் அந்த நீலத் தொப்பி. வெயில் இல்லாத கூடத்துக்குள்ளும் தொப்பி. உலகம் முழுக்க அவரை மிஸ்டர் வேல் என்பார்கள், சண்முகவடிவேல் என்ற முழுப் பெயர் எந்த அடையாள அட்டையிலும் கொள்வதில்லை. காங்கேயத்திலிருந்து ஃப்ளோரிடாவுக்குப் பாலம் கட்டப் போன பொறியாளர். டென்னிஸ் ஆடினதே கிடையாது, ஒரு தடவைகூட. டாம்ப்பாவில் தீயணைப்பு நிலையத்துக்குப் பக்கத்தில் விரிசல் விட்ட பொது மைதானம், அங்கே பணக்காரப் பிள்ளைகளுக்கு எவனோ சொல்லிக்கொடுப்பதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டு, சாயங்காலம் அதே மைதானத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். கூடை நிறையப் பழைய பந்து. ஒன்று, இன்னொன்று, இன்னும் ஒண்ணு சாமி, இன்னும் ஒண்ணே ஒண்ணு. அந்தக் கடைசி ஒன்று வரவே வராது, கூடை காலியானால் பொறுக்கிக்கொண்டு வந்து மறுபடியும் ஒன்று. பிறகு பாலம் கட்டும் வேலையையே விட்டார். அம்மா மருந்துக்கடையில் இரவு ஷிஃப்டாக வாங்கிப் பார்த்து வீட்டை ஓட்டினாள். நல்ல பல்கலைக்கழகம் ஒன்று ஃபீஸ் இல்லாமல் சேர்த்துக்கொள்கிறோம், எங்களுக்காக ஆடினால் போதும், படிப்பு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கூப்பிட்டபோது ஃபோனை எடுத்தவர் அப்பா. ரொம்ப சந்தோஷம், ஆனால் அவளுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது என்றார். அவள் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கடல் உயிரினங்களைப் பற்றிப் படிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டவள், பதினெட்டு வயது, எழுந்து போய் அந்த ஃபோனைப் பிடுங்கினாளா. இல்லை. படியில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டாள். அந்த லேஸை நினைத்தால்தான் இப்போதும் அதிக ஆத்திரம் வருகிறது, அவரை நினைத்து வருவதைவிட.

அப்புறம் ஊர்கள். அமெரிக்காவிலேயே பாதிப் பேருக்குப் பெயர் தெரியாத ஊர்கள், மோட்டல், மைக்ரோவேவ் சோறு, பார்க்க வந்திருப்பது எதிராளியின் அம்மாவும் ஒரு நாயும். அவள் ஆட்டத்தின் மேல் பந்தயம் கட்டினவன்கள் ராத்திரியோடு ராத்திரியாக அவள் ஃபோனுக்கு எழுதுவான்கள், தோற்றால் செத்துப்போ என்று, ஜெயித்தாலும் செத்துப்போ என்று, உங்கம்மாவுக்குப் புற்றுநோய் வரட்டும் என்று. காலையில் அதை அழித்துவிட்டுப் பயிற்சிக்குப் போகவேண்டும். இந்த விளையாட்டின் அயோக்கியத்தனம் தோல்வியில் இல்லை, திங்கட்கிழமையில் இருக்கிறது. மற்ற வேலைகளில் தோற்றால் தோற்றதுதான், ஒரு முடிவு உண்டு, அழலாம், வீட்டுக்குப் போகலாம். இங்கே ஒவ்வொரு திங்கட்கிழமையும் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் புதுப் போட்டி தொடங்கிவிடும், விழுந்து கிடக்கிறவளைத் தூக்கி முகம் கழுவி மறுபடியும் வரிசையில் நிறுத்திவிடும். அப்பாவுக்குத் திங்கட்கிழமை சாமி மாதிரி. அவள் தோற்று வந்து உட்காரும்போது அவர் ஒருநாளும் திட்டினதில்லை, அதைச் சொல்லிவிடவேண்டும், கை ஓங்கினதில்லை, சோறு போடாமல் விட்டதில்லை. மற்ற அப்பாக்களை அவள் பார்த்திருக்கிறாள், கார் நிறுத்துமிடத்தில் வைத்து அறைகிறவர்களை. இவர், “சரி உடு கண்ணு, திங்கக்கெழமை பாத்துக்கலாம்,” என்பார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். திங்கட்கிழமையை எதிர்த்து என்ன பேசுவது.

நிறுத்தினால் என்ன ஆகும் என்று நினைக்கும்போதெல்லாம் நினைப்பு அந்த இடத்திலேயே முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. முன்னாள் வீராங்கனை. முன்னாள் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவளால் தன் முகத்தை வைத்துப் பார்க்கமுடியவில்லை. படிப்பு இல்லை. வேறு வேலை தெரியாது. தெரிந்ததெல்லாம் பந்து தரையில் பட்டு எழும் சத்தத்தை வைத்து அது எவ்வளவு தூரம் வரும் என்று சொல்வது. ஒரு காலைநேரத்தில் எழுந்து, எங்கேயும் போகவேண்டியதில்லை என்று தெரிந்து, பல் தேய்த்து, அதற்கப்புறம்? அதற்கப்புறம் என்ன செய்வார்கள் மனிதர்கள்? அதை நினைத்த உடனே நியூயார்க் வந்துவிடுகிறது. எப்போதும் நியூயார்க்தான். இருபத்திரண்டு வயது, அங்கே நடக்கும் பெரிய போட்டி, ஓரத்து மைதானம், தரவரிசையில் எங்கோ மேலே இருந்த ஒருத்தியை முந்தினநாள் அடித்து வீழ்த்தியிருந்தாள். அப்பா அழுதார், தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அடுத்த ஆட்டத்தில் இரண்டாவது செட், வலப்பக்கம் ஓடி நின்று திரும்பியபோது முட்டிக்குள் ஏதோ ஒன்று, ஈரத்துணியைக் கிழித்த மாதிரி. நாற்காலிக்கு நொண்டிப் போனாள். மருத்துவப் பெண் வந்து அழுத்திப் பார்த்துவிட்டு, நீதான் சொல்லவேண்டும், நிறுத்துகிறாயா என்றாள். தாரிணி மேலே பார்த்தாள். அப்பா உட்கார்ந்திருந்த இடத்தை. ஒன்றே ஒன்றுக்காகத்தான் பார்த்தாள், அவர் தலையை அசைத்து போதும் என்று சொல்லவேண்டும், வா கண்ணு வீட்டுக்குப் போலாம் என்று சொல்லவேண்டும். அவர் முஷ்டியை மடக்கிக் காட்டினார். அதற்குள்ளிருந்து ஒரு விரல் மட்டும் மெல்ல எழுந்தது. இன்னும் ஒண்ணு.

கூடத்தின் அந்தக் கோடியில் அப்பா இப்போது லென்காவுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். லென்கா செக் நாட்டுக்காரி, எத்தனையோ வருஷமாகத் தாரிணியோடு இரட்டையர் ஆடுகிறவள், ஒரே அறை, ஒரே சோப்பு. அவளுக்குப் பிரதானச் சுற்றில் இடம் உண்டு, இன்றைக்கு மூன்றாவது ஆட்டம் அவளுடையது. வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. யாருக்கும் சொல்லாதே என்று ராத்திரி தாரிணியிடம் காட்டினாள், தாரிணி காலையில் ஆட்டோவில் வரும்போது அப்பாவிடம் சொன்னாள். ஏன் சொன்னாள்? சும்மா, கவலையில். கவலையில்தானா? அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். டி.வி.யில் இரண்டாவது ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, ஒலியைக் குறைத்து வைத்திருந்ததால் அப்பாவின் காங்கேயத்து இங்கிலீஷ் வார்த்தை வார்த்தையாக இங்கே வரை வந்தது. ஆடாதே கண்ணு என்றார். கண்ணு. லென்காவைக் கண்ணு என்றார். போட்டி இன்றைக்கு இருக்கும் நாளைக்கு இருக்கும், கை ஒன்றுதான், ஆயுசுக்கும் அந்தக் கையை வைத்துத்தான் நீ பிள்ளையைத் தூக்கவேண்டும், ரொட்டி அறுக்கவேண்டும், உடம்பு முக்கியம், இந்த விளையாட்டுக்கு உன் உடம்பைக் கொடுத்துவிடாதே என்றார். எவ்வளவு மெதுவாகச் சொன்னார். லென்காவின் மணிக்கட்டைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஏதோ குருவிக்குஞ்சைப் பிடித்திருக்கிற மாதிரி. தாரிணிக்கு முதலில் கோபம் வரவில்லை. முதலில் கேட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான், வாயைத் திறந்தபடி. ஒன்பது வருஷமாக அவள் காத்திருந்த சொற்கள் ஒவ்வொன்றாக, ஒன்று குறையாமல், வரிசைப்படி வந்துகொண்டிருந்தன. முகவரிதான் வேறு.

அப்பா திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தில் ஒரு திருப்தி. “அந்தப் புள்ள கை வீங்கிக் கெடக்குது. ஆட வேண்டாம்னு சொல்லீட்டு வந்தேன்.” “எதுக்குங்கப்பா சொன்னீங்க?” “பொறவு? பாத்துட்டுச் சும்மா இருக்க முடியுமா? பாவமில்லையா.” “பாவம் மட்டுந்தானுங்களா?” ஃப்ளாஸ்க் மூடியைத் திருகினார், ஏற்கெனவே இறுகியிருந்த மூடியை. “அவ விலகுனா எடம் யாருக்கு வருமுங்க?” என்றாள். “வந்தா வரட்டும், நல்லதுதானே. நாம ஒண்ணும் கையை ஒடிக்கலியே.” “எனக்கு எப்பவாச்சும் இப்படிச் சொல்லியிருக்கீங்களா? ஆடாதேன்னு?” அப்பா அவளைப் பார்த்தார். நிஜமாகவே புரியாத பார்வை. “நீ வேற அவ வேற. உன்ற முட்டியப் பத்தி எனக்குத் தெரியாதா? நீ தாங்குவ சாமி.” சொல்லிவிட்டு அந்த முட்டியில் இரண்டு தட்டுத் தட்டினார், நன்றாக ஓடுகிற வண்டியைத் தட்டுகிற மாதிரி.

நீ தாங்குவ. வாதம் என்று எடுத்தால் அப்பாவின் பக்கம் ஓட்டை இல்லை, அதுதான் எரிகிறது. லென்காவின் கை வீங்கியிருப்பது உண்மை. ஆடினால் கெடும் என்பது உண்மை. சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நியாயம். நியாயத்தைச் சரியான நேரத்தில், சரியான மென்மையோடு, தவறான மகளிடம் சொன்னார், அவ்வளவே. அவர் கெட்டவரா? கெட்டவர் என்றால் சுலபமாக இருக்கும், எழுந்து போய்விடலாம். அன்பே இல்லையா? அன்பு இருக்கிறது, ஃப்ளாஸ்க் நிறைய இருக்கிறது, அவளுக்காக எந்தப் பாலத்தையும் விடுவார், எவள் மணிக்கட்டையும் பிடிப்பார். அவளை நிறுத்தச்சொல்வதைத் தவிர. போதும் என்ற சொல் அவருக்குத் தெரியாது என்று இத்தனை வருஷமும் அவள் நினைத்திருந்தாள். காது கேளாதவரிடம் கோபித்துக்கொள்வதா என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். தெரிந்திருக்கிறது. பிழையில்லாமல் தெரிந்திருக்கிறது, இங்கிலீஷிலும் தெரிந்திருக்கிறது. நியூயார்க்கிலும் தெரிந்துதான் இருந்திருக்கும். அந்த விரலை உயர்த்தும்போது அந்தச் சொல் அவர் நாக்கில்தான் இருந்திருக்கும், விழுங்கியிருக்கிறார். தாங்குகிறவளுக்குத் தரக்கூடாது என்று மிச்சம் பிடித்து வைத்திருக்கிறார். ஏன், தாங்குகிறவளுக்கு வலிக்காதா? தாங்குகிறவள் என்ன இரும்பா, அவர் கட்டின பாலமா? அதுவும் விரிசல் விட்டால் லாரியை நிறுத்திவிட்டு எச்சரிக்கைப் பலகை வைப்பார்களே. இதை அவரிடம் உரக்கக் கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன சொல்வார் என்றும் தெரியும். சரி உடு கண்ணு, திங்கக்கெழமை.

அப்பா சூப்பர்வைசர் மேசைப் பக்கம் சும்மா உலாவப் போனபோது லென்கா வந்தாள், கண் சிவந்திருந்தது. தாரிணியைக் கட்டிக்கொண்டு, நான் விலகப்போகிறேன், இப்போதுதான் சொல்லப்போகிறேன், நீதானே முதல், எனக்குச் சந்தோஷம் என்றாள். மனதாரத்தான் சொன்னாள். பிறகு, “உங்கப்பா என்ன சொன்னார் தெரியுமா? எங்கம்மாகூட என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. நீ கொடுத்துவைத்தவள், சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்திருக்கிறாய்,” என்றாள். தாரிணி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். முகத்தில் எந்த அளவுக்கு எதை வைக்கவேண்டும் என்பது அவளுக்குத் தெரியும், அது ஒன்றுதான் நன்றாகவே தெரியும். லென்கா மேசையை நோக்கிப் போனாள். இனிக் கூப்பிட்டுவிடுவார்கள். தாரிணியின் உடம்பு எழுந்துவிட்டது, அவளைக் கேட்காமலே. கை லேஸைத் தொட்டுப் பார்த்தது, தோள் பையின் வாருக்குள் நுழையப் பார்த்தது. பழக்கின மாடு. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. பையை அப்படியே சோபாவில் விட்டுவிட்டு நடந்தாள், கூடத்தைத் தாண்டி, பெண்கள் உடைமாற்றும் அறைக்கு. இத்தனை வருஷத்தில் எல்லா நாட்டிலும், எல்லா மைதானத்திலும், அப்பா வரமுடியாத ஒரே கதவு. தோற்ற நாட்களில் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் அழுதுவிட்டு வெளியே வருவாள், கழுவின முகத்தோடு. ஜெபஷீலா சொன்னது பொய்யில்லை, சுத்தமாக வைத்திருந்தார்கள். கடைசிக் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டு, மூடியின் மேல் உட்கார்ந்தாள்.

ஸ்பீக்கரில் பெயர் வந்தது. வழக்கம்போல டரீனி வேல் என்றார்கள். சூப்பர்வைசர் மேசைக்கு வரவும். ஓடிப் போய்விடலாம், இன்னும் நேரம் இருக்கிறது, வயிறு வலித்தது என்று சொன்னால் தீர்ந்தது. இன்றைக்கு ஜெயித்தால்? ஒரே ஒரு ஆட்டம். இன்னும் ஒண்ணு. அவள் குரலில்தான் அது ஒலித்தது, அப்பாவின் குரலில் அல்ல, அதைக் கேட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். மறுபடியும் பெயர். வெளியே நடையில் அப்பாவின் செருப்புச் சத்தம், தெரியும், எங்கேயும் தெரியும். “சார், இது லேடீஸ் ரூம், நிக்காதீங்க,” என்று ஒரு பெண் குரல். “வந்துருவாளுங்க அவ, சித்த பொறுங்க. அவ வராம இருந்ததே இல்லீங்க.” அவர் குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்துக்காக எழுந்துவிடுவாள் போல இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அப்பா யாரிடமோ, “பாப்பா, உள்ள போயி எம்பொண்ணு இருக்குதான்னு பாரு சாமி, சட்டுனு,” என்றார். கதவு திறந்தது. தரையில் ரப்பர் ஷூ கிறீச்சிட்டு வந்து, ஒவ்வொரு கதவாக நின்று, கடைசிக் கதவுக்கு முன்னால் ஓய்ந்தது. கதவின் கீழ் இடைவெளியில் தாரிணி அந்த ஷூவைப் பார்த்தாள். சர்வீஸ் போடும்போது இழுபட்டு இழுபட்டு இடது நுனி தேய்ந்து, பசை வைத்து ஒட்டியிருந்தது. அந்த ஷூவுக்குச் சொந்தக்காரியும் இவளுடைய ஷூவைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கவேண்டும். மூச்சுச் சத்தம் மட்டும். கொஞ்சம் அப்படித்தான்க்கா என்று சொன்ன பெண், பொய் சொல்ல வராத பெண், என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். தாரிணி வலது காலைத் தூக்கி மூடியின் மேல் வைத்தாள். பிறகு இடது காலை. எந்தக் காரணத்துக்காகவும் முழுசாக மடக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த முட்டியை இரண்டு கையாலும் பிடித்து, மணல் அரைபட அரைபட மடக்கி, மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். வலி கண்ணில் தண்ணீராக முட்டியது. இப்போது கதவுக்குக் கீழே தரை மட்டும்தான்.

தேய்ந்த ஷூ இன்னும் சற்று நின்றது. பிறகு திரும்பியது. வெளியே ஜெபஷீலாவின் குரல் கேட்டது, “பாத்தேன் சார், கால் எதுவும் தெரியல.” ஸ்பீக்கர் ஒரு தடவை கரகரத்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டது, அதையும் தப்பாகத்தான் கூப்பிட்டது. நடையில் யாரோ ஓடினார்கள், இளம் கால்கள், நல்ல முட்டி. தாரிணி தன் காலைக் கீழே இறக்கவில்லை.